பகலுக்கு வந்த அந்துகள்: வண்ணத்துப்பூச்சிகளின் வகைப்பாடு

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளில் நல்ல பகல் வெளிச்சத்தில் பறந்து திரியும் டிஸ்ஃபானியா பெர்கோட்டா என்ற பூச்சியைக் காண்பவர்களில் பெரும்பாலோர் அதை வண்ணத்துப்பூச்சி என்றே எண்ணுவார்கள். நீலம் பாய்ந்த அகன்ற சிறகுகளும் அவற்றின்மேல் சிதறிய கரும்புள்ளிகளும் அந்த எண்ணத்தை உறுதிப்படுத்தவே செய்யும். ஆனால் அது ஜியோமெட்ரிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்த அந்துப்பூச்சி. இதற்கு நேர்மாறாக, அந்தி சாயும் வேளையில் வயல்வெளிகளில் தாழப் பறந்து, சில நாள்களில் வீட்டு விளக்கொளிக்கும் வந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும் சருகு நிறமுள்ள மெலனிட்டிஸ் லீடா வண்ணத்துப்பூச்சி. நெற்பயிரின் இலையைத் தின்னும் கொம்புப்புழு வளர்ந்து ஆவது இதுவே. நிறமும் நேரமும் இப்படிக் கைவிடுமானால், எதைக்கொண்டு இவ்விரண்டையும் பிரிப்பது என்ற கேள்வி எழுகிறது. பூச்சியியல் இன்று தரும் விடை, பள்ளிப் பாடத்தில் நாம் மனப்பாடம் செய்த வேறுபாட்டு அட்டவணையோடு முழுமையாக ஒத்துப்போவதில்லை. அந்துகள் என்ற பெருங்கூட்டத்துக்குள் ஒரே ஒரு கிளையாக அடங்கியவைதான் வண்ணத்துப்பூச்சிகள் என்பதே அந்த விடை.

இரண்டும் லெப்பிடாப்டெரா என்ற ஒரே வரிசையைச் சேர்ந்தவை. கிரேக்க மொழியில் லெப்பிஸ் என்பது செதிலையும், ப்டெரான் என்பது சிறகையும் குறிக்கும். பிடித்த பூச்சி நழுவிப் பறந்துவிட்ட பிறகு விரல் நுனியில் மாவுபோல் ஒட்டியிருக்கும் பொடி அந்தச் செதில்களின் குவியலே. ஒவ்வொரு செதிலும் தட்டையாகி உருமாறிய ஒரு மயிர். அவை வீட்டுக் கூரையில் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றின் விளிம்பை மற்றொன்று மூடியவாறு அடுக்கப்பட்டிருக்கும். நிறங்களில் சில செதிலுக்குள் இருக்கும் நிறமிகளால் வருகின்றன. மினுமினுக்கும் நீலம் போன்றவை பெரும்பாலும் செதிலின் நுண்ணிய வரிகளில் ஒளி பட்டுச் சிதறுவதால் தோன்றுகின்றன. சிலந்தி வலையில் மோதும்போது செதில்கள் மட்டும் கழன்று வலையில் ஒட்டிக்கொள்ள, பூச்சி தப்பிவிடுவதும் உண்டு.

ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் கார்ல் லின்னேயஸ் தமது வகைப்பாட்டு நூலின் பத்தாம் பதிப்பை 1758ஆம் ஆண்டில் வெளியிட்டபோது இந்த வரிசையை மூன்றே பேரினங்களாகப் பிரித்தார். பகலில் பறக்கும் வண்ணத்துப்பூச்சிகள் அனைத்தும் பாப்பிலியோ; பருத்த உடலும் குறுகிய நீண்ட சிறகும் கொண்டு விரைந்து பறக்கும் பருந்து அந்துகள் ஸ்ஃபிங்ஸ்; எஞ்சியவை ஃபலேனா. நம் வீட்டுத் தோட்டத்தில் எலுமிச்சங்கன்றின் இலையைத் தின்று வளரும் எலுமிச்சை அழகி அவர் பட்டியலில் பாப்பிலியோ டெமோலியஸ் ஆனது; அரளிச் செடியில் காணப்படும் பச்சைநிறப் பருந்து அந்து ஸ்ஃபிங்ஸ் நேரியை ஆனது; பட்டு நூல் தரும் பட்டுப்பூச்சி ஃபலேனா மோரி ஆனது. பின்னிரண்டும் இன்று டாஃப்னிஸ், பாம்பிக்ஸ் என்ற பேரினங்களுக்கு மாற்றப்பட்டுவிட்டன. முதலாவது மட்டும் லின்னேயஸ் வைத்த இடத்திலேயே இருக்கிறது. பாப்பிலியோக்களில் ஒரு பகுதியை அவர் ட்ராய் நகரத்து வீரர்கள் என்றும் கிரேக்க வீரர்கள் என்றும் இரு படைகளாக வகுத்து, மார்பில் குருதிச் சிவப்பு உள்ள கரியவற்றைத் தோற்ற படையான ட்ராய்ப் பக்கம் சேர்த்தார். செக்கச் சிவந்த உடலோடு நம் ஊர்களில் பறக்கும் சிவப்புடல் அழகிக்கு ட்ராய் வீரன் ஹெக்டரின் பெயர் கிடைத்தது அப்படித்தான். வகைப்பாடு என்பது வறண்ட துறை என்று நினைப்பவர்கள் இந்தப் போர்க்களத்தைக் கவனித்ததில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் உணர்கொம்புகளை அடிப்படையாகக் கொண்ட இருபாற் பகுப்பு நிலைபெற்றது. நுனி தடித்துக் குமிழ்போல் முடியும் உணர்கொம்பு உடையவை ரோப்பலோசெரா, அதாவது குமிழ்க்கொம்பிகள். மற்றவை ஹெட்டரோசெரா, அதாவது வேறுவகைக் கொம்பிகள். முதற்பிரிவு ஓரளவு உண்மையான உறவைக் குறித்தது. இரண்டாவது பிரிவோ, வீட்டுக் கணக்கு நோட்டில் எழுதப்படும் ‘இதர செலவுகள்’ போன்றது. அதில் உள்ளவற்றை இணைக்கும் பொதுப்பண்பு எதுவும் இல்லை, முதற்பிரிவில் இடம்பெறாதவை என்பதைத் தவிர. அந்த ‘இதர’ வரியில்தான் பெரும்பகுதி செலவும் அடங்கியிருக்கிறது. 2011ஆம் ஆண்டில் உலகப் பூச்சியியலாளர்கள் பலர் சேர்ந்து தொகுத்த பட்டியலின்படி, பெயரிட்டு விவரிக்கப்பட்ட லெப்பிடாப்டெரா இனங்கள் 1,57,424. அவற்றில் வண்ணத்துப்பூச்சிகள் 18,768 மட்டுமே, எட்டில் ஒரு பங்கைவிடச் சற்றுக் குறைவு. எரெபிடே என்ற ஒரே ஓர் அந்துக் குடும்பத்தில் மட்டும் 24,500க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன.

இந்தப் பெருங்கூட்டத்தின் மிகநெருங்கிய உறவினர், ட்ரைகாப்டெரா வரிசையைச் சேர்ந்த கேடிஸ் பூச்சிகள். அவற்றின் புழுக்கள் ஓடைகளின் அடியில் வாழ்ந்து பட்டு நூல் சுரப்பவை. முதிர்ந்த பூச்சியின் சிறகுகளில் செதிலுக்குப் பதில் மயிர் அடர்ந்திருக்கும். மயிரிலிருந்து செதில் வந்தது என்ற கருத்துக்கு இந்த உறவு வலுச்சேர்க்கிறது. லெப்பிடாப்டெராவுக்குள்ளேயே மிகப் பழைய கிளையான மைக்ராப்டெரிஜிடே குடும்பத்துப் பூச்சிகளுக்கு உறிஞ்சுகுழல் கிடையாது. அவை தாடைகளால் மகரந்தத்தை மென்று தின்கின்றன. அதற்குப் பின் பிரிந்த கிளைகளில் தாடை தேய்ந்து, வாயுறுப்பின் இரு பாதிகள் நீண்டு, ஒன்றோடொன்று இணைந்து, கடிகாரச் சுருள்வில்போல் சுருட்டி வைக்கக்கூடிய குழலாயின. பூக்களில் தேன் குடிப்பதற்காகவே இக்குழல் தோன்றியது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் ஜெர்மனியில் ஆழ்துளையிட்டு எடுத்த பாறைப்படிவிலிருந்து கிடைத்த, சுமார் 20 கோடி ஆண்டுப் பழமையுள்ள செதில்களைப் பற்றி 2018இல் வெளியான ஆய்வு, குழலுள்ள கிளையைச் சேர்ந்த பூச்சிகள் பூக்கும் தாவரங்கள் பரவுவதற்கு வெகுகாலம் முன்பே இருந்தன என்று காட்டியது. பூ வருவதற்கு முன் அவை எதைக் குடித்தன என்பதற்கு, விதைமூடாத் தாவரங்கள் தம் சூல்களில் சுரக்கும் இனிப்பு நீர்த்துளியை ஒரு விடையாக முன்வைக்கிறார்கள்.

இந்த வரிசையில் இன்று வாழும் இனங்களில் மிகப் பெரும்பாலானவை டைட்ரிசியா என்ற ஒரு கிளையில் அடங்கும். இதில் பெண்பூச்சிக்குப் புணர்ச்சித் துளை வேறு, முட்டையிடும் துளை வேறு. கம்பளித் துணியை அரிக்கும் துணி அந்துகள் இக்கிளையின் அடிப்பகுதியிலேயே பிரிந்துவிட்டவை. பட்டுப்பூச்சி, பருந்து அந்து, நெல்லின் இலைச்சுருட்டுப்புழு அந்து, வண்ணத்துப்பூச்சி ஆகியவை அதற்கு வெகுகாலம் பின்னர் கிளைத்தவை. எனவே, துணியை அரிக்கும் அந்துக்குப் பட்டுப்பூச்சி எவ்வளவு உறவோ அதைவிட நெருங்கிய உறவு பட்டுப்பூச்சிக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் இடையே உண்டு. ஒரு வகையறாவில் ஒரு பங்காளி வீட்டார் மட்டும் தமக்கென ஒரு வீட்டுப்பெயர் வைத்துக்கொண்டால், மற்றப் பங்காளிகள் அனைவரையும் சேர்த்து ‘அந்த வீட்டார் அல்லாதவர்’ என்று அழைப்பது வசதியாக இருக்கலாம்; ஆனால் அது உறவுமுறை ஆகாது. ‘அந்துப்பூச்சி’ என்ற சொல் வகைப்பாட்டியலில் நிற்கும் இடம் அதுதான்.

இந்த உண்மையை ஏற்றுக்கொண்டால், வழக்கமாகச் சொல்லப்படும் வேறுபாடுகள் ஒவ்வொன்றும் ஏன் ஓரிடத்தில் முறிகின்றன என்பது விளங்கும். உணர்கொம்பை எடுத்துக்கொள்வோம். வண்ணத்துப்பூச்சிக்குக் குமிழ் நுனி. அந்துக்கு நூல்போன்ற அல்லது சீப்பு, இறகு போன்ற கொம்பு. பெரும்பாலும் சரியான விதி. ஆயினும் சைஜீனிடே குடும்பத்தின் பகல்நேர அந்துகள் பலவற்றுக்குக் கொம்பின் நுனி தடித்திருக்கும்; தென்னமெரிக்காவின் காஸ்ட்னிடே அந்துகளுக்குத் தெளிவான குமிழே உண்டு. அமரும் முறையும் அப்படியே: சிறகுகளை முதுகின்மேல் சேர்த்து நிறுத்துவது வண்ணத்துப்பூச்சி, தட்டையாகவோ கூரைபோலவோ விரித்து வைப்பது அந்து என்பர். ஆனால் துள்ளிகள் எனப்படும் ஹெஸ்பெரிடே வண்ணத்துப்பூச்சிகளில் ஒரு பிரிவு சிறகுகளை விரித்தே அமரும். ஜியோமெட்ரிடே அந்துகளில் சில, வண்ணத்துப்பூச்சிபோலச் சிறகை நிமிர்த்தி வைக்கும்.

இவற்றுள் மிகவும் நம்பத்தக்கதாகக் கருதப்பட்ட அடையாளம் வெளிப்பார்வைக்குத் தெரியாத ஒன்று. பறக்கும்போது முன்சிறகும் பின்சிறகும் ஒன்றாக அசைய வேண்டும். பெரும்பாலான அந்துகளில் பின்சிறகின் அடியிலிருந்து புறப்படும் ஒரு விறைத்த முள், முன்சிறகின் அடிப்புறத்தில் உள்ள கொக்கி போன்ற பிடிப்பில் மாட்டிக்கொள்கிறது. ஆணில் இது ஒரே தடித்த முள்ளாகவும், பெண்ணில் பெரும்பாலும் பல மெல்லிய முட்களாகவும் இருக்கும். வண்ணத்துப்பூச்சிகளில் இந்த முள் இல்லை; அகன்ற பின்சிறகின் விளிம்பு முன்சிறகின்கீழ் படிந்திருப்பதே பிணைப்பாகச் செயல்படுகிறது. இனி ஐயமில்லை என்று நினைக்கும் வேளையில், கிழக்கு ஆஸ்திரேலியாவில் வாழும் யூஸ்கெமான் ரஃப்லேசியா என்ற துள்ளியின் ஆண்பூச்சியில் அந்த முள் தென்பட்டது. இது காரணம் பற்றியே அதை அந்து என்று சேர்த்தவர்களும் உண்டு. மற்ற எல்லா உறுப்புகளும், பின்னர் மரபணுச் சான்றும் அதை வண்ணத்துப்பூச்சிகளோடுதான் வைக்கின்றன.

கூட்டுப்புழுவைப் பொறுத்தவரை, அந்து பட்டுக்கூடு கட்டும், வண்ணத்துப்பூச்சி கட்டாது என்ற விதியும் அரைகுறையானதே. பருந்து அந்துகளின் கூட்டுப்புழுக்கள் பெரும்பாலும் கூடில்லாமல் மண்ணுக்குள்ளோ சருகுக்கடியிலோ கிடக்கும். இமயமலையின் உயரங்களில் வாழும் அப்போலோ வகை வண்ணத்துப்பூச்சிகளோ கற்களுக்கிடையே மெல்லிய நூற்கூடு பின்னுகின்றன. வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் அனைத்துமே பட்டு சுரப்பவைதாம். அழகி, வெள்ளையன் வகை வண்ணத்துப்பூச்சிகள் கூட்டுப்புழுவாகும்போது தண்டோடு தம்மைப் பட்டு நூலால் இடுப்பில் கட்டிக்கொள்கின்றன, வரியன்கள் பட்டுப்பொத்தான் ஒன்றில் தலைகீழாகத் தொங்குகின்றன. ‘பட்டாம்பூச்சி’ என்ற சொல்லில் ஒலிக்கும் பட்டு இந்த அளவுக்காவது பொருத்தமானது என்று ஆறுதல் கொள்ளலாம்; புடவைக்கு நூல் தருவதென்னவோ அந்துதான். அந்தப் பட்டுப்பூச்சி முதிர்ந்தபின் எதையும் உண்பதில்லை, பறக்கவும் இயலாது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் அட்டாக்கஸ் தப்ரபானிஸ் என்ற மாபெரும் அந்துக்கும் செயல்படும் வாய் கிடையாது. புழுவாக இருந்தபோது சேமித்த கொழுப்பே அதன் சில நாள் வாழ்வுக்கு ஆதாரம். வீட்டு வாசலில் அது வந்து அமரும்போதெல்லாம் ‘அரிய வகை பட்டாம்பூச்சி’ என்று செய்தி வெளியாவது வழக்கமாகிவிட்டது. இலங்கையின் பழைய கிரேக்கப் பெயரான தப்ரபனேவைத் தாங்கிய பூச்சிக்கு இதைவிட நல்ல அறிமுகம் கிடைத்திருக்கலாம்.

பகலும் இரவும் என்ற வேறுபாடு மற்றவற்றைவிட ஆழமானது. ஏனெனில் வண்ணத்துப்பூச்சிகளின் தோற்றமே அதில் அடங்கியிருக்கிறது. சுமார் 2,300 இனங்களின் மரபணுக்களை ஒப்பிட்டு 2023இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கக் கண்டத்தில், இரவில் பறந்த அந்து மூதாதையரிடமிருந்து வண்ணத்துப்பூச்சிகள் கிளைத்தன என்றும், அவற்றின் முதற்புழுக்கள் பெரும்பாலும் அவரைக் குடும்பத் தாவரங்களைத் தின்றிருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. வௌவாலுக்கு அஞ்சியே அவை பகலுக்கு மாறின என்ற கருத்து ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. கேட்பதற்கு நயமான கருத்துதான். ஆனால் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய வௌவால் புதைபடிவங்களின் வயது சுமார் 5 கோடி ஆண்டுகளே. வௌவால்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே வண்ணத்துப்பூச்சிகள் வெயிலுக்கு வந்துவிட்டன. தேன் நிறைந்த பகல்நேரப் பூக்கள் பெருகியதே காரணமாக இருக்கலாம் என்பது இன்றைய சாய்வு.

இரவிலேயே தங்கிவிட்ட கிளைகள் வௌவாலோடு போராடித் தம் உடலை மாற்றிக்கொண்டன. நாக்டுவாய்டியா என்ற பெருங்குடும்பத்து அந்துகளுக்கு மார்பிலும், ஜியோமெட்ரிடே அந்துகளுக்கு வயிற்றிலும், சில பருந்து அந்துகளுக்கு வாயுறுப்பிலும் செவிகள் உண்டு. இவை ஒன்றிலிருந்து ஒன்று வந்தவை அல்ல, தனித்தனியே பலமுறை தோன்றியவை. ஒவ்வொரு செவியிலும் ஒன்று முதல் நான்கு நரம்புச் செல்களே இருக்கும். மனிதச் செவிக்கு எட்டாத வௌவாலின் மீயொலியைக் கேட்டவுடன் அந்து திசைமாறிப் பறக்கவோ சட்டெனக் கீழே விழவோ அவ்வளவே போதும். புலி அந்துகளில் பல ஒருபடி மேலே சென்று, தாமும் மீயொலிச் சொடுக்குகளை எழுப்பி வௌவாலை எச்சரிக்கின்றன அல்லது குழப்புகின்றன.

இருளில் இணையைக் கண்டுபிடிக்க மணமே வழி. பெண் அந்து வெளியிடும் வேதிப்பொருளை ஆணின் இறகு போன்ற உணர்கொம்புகள் காற்றிலிருந்து பிரித்தறிகின்றன. 1959ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் புட்டெனான்ட் சுமார் 5 லட்சம் பெண் பட்டுப்பூச்சிகளிலிருந்து பாம்பிகோல் என்ற பொருளைப் பிரித்தெடுத்து அதன் கட்டமைப்பை அறிவித்தார். வேதியியல் முறையில் அடையாளம் காணப்பட்ட முதல் இனக்கவர்ச்சிப் பொருள் அதுவே. பருத்தி, கத்தரி வயல்களில் குச்சியில் தொங்கும் இனக்கவர்ச்சிப் பொறி அந்த ஆய்வின் வழிவந்தது. விளக்குப்பொறி அதைவிடப் பழைய உத்தி. ‘விளக்கில் விழும் விட்டில்’ என்று நம் இலக்கியம் சொல்லிவந்த காட்சிக்கு 2024இல் வெளியான ஓர் ஆய்வு நல்ல விளக்கம் தந்தது: இரவில் பறக்கும் பூச்சிகள் வெளிச்சமான வானம் மேலே இருப்பதாகக் கொண்டு தம் முதுகை ஒளியின் பக்கம் திருப்பிச் சமநிலை காக்கின்றன, அருகில் ஒரு விளக்கு இருந்தால் முதுகு அதன் பக்கம் சாய்ந்து, பறக்கும் பாதை வளைந்து, அவை அதையே சுற்றிச் சுற்றி வருகின்றன. விட்டிலுக்கு விளக்கின்மேல் மோகம் எதுவும் இருக்கவில்லை.

இனி வண்ணத்துப்பூச்சிக் கிளைக்குள் செல்வோம். பாப்பிலியோனாய்டியா என்ற இப்பெருங்குடும்பத்தில் ஏழு குடும்பங்கள் உள்ளன. அழகிகளின் பாப்பிலியோனிடே, வெள்ளையன்களும் மஞ்சள்நிறத்தவையும் அடங்கிய பியெரிடே, நீலன்களின் லைசீனிடே, பெரும்பாலும் அமெரிக்காவில் வாழும் ரியோடினிடே ஆகியவற்றை இங்கே பெயரளவில் சொல்லிக் கடக்கலாம். சுமார் 6,000 இனங்கள் கொண்ட நிம்ஃபாலிடே, அதாவது வரியன்கள், மிகப் பெரியது. இவற்றின் முன்னங்கால் இணை சிறுத்துப்போயிருப்பதால், எருக்கின்மேல் அமர்ந்திருக்கும் வெந்தய வரியனுக்கு நான்கு கால்கள் மட்டும் இருப்பதாகத் தோன்றும். கவனத்துக்குரியவை எஞ்சிய இரண்டு குடும்பங்கள்தாம். துள்ளிகள் பருத்த உடலும் மங்கிய நிறமும் வளைந்த கொக்கி நுனி உணர்கொம்பும் கொண்டவை. அவற்றை வண்ணத்துப்பூச்சிகளுக்கு வெளியே தனிப் பெருங்குடும்பமாக வைத்திருந்தனர். மரபணு ஒப்பீடு வந்தபின், அழகிகளே முதலில் பிரிந்த கிளை என்பதும், துள்ளிகள் அதற்குப் பின்னர் கிளைத்தவை என்பதும் தெரியவந்தது. எனவே அழகியை வண்ணத்துப்பூச்சி என்று ஏற்றால் துள்ளியையும் ஏற்றே ஆக வேண்டும்.

ஹெடிலிடே இன்னும் விந்தையானது. மத்திய, தென்னமெரிக்கக் காடுகளில் வாழும் இந்த 36 இனங்கள் மெலிந்த உடலும் குமிழில்லாத கொம்பும் கொண்டவை, பெரும்பாலும் இரவில் பறப்பவை, சிறகின் அடியில் மீயொலி கேட்கும் செவியும் உடையவை. இயல்பாகவே அவற்றை ஜியோமெட்ரிடே அந்துகளோடு சேர்த்திருந்தார்கள். முட்டை, புழு, கூட்டுப்புழு ஆகியவற்றின் அமைப்பை ஆராய்ந்த மால்கம் ஸ்கோபிள் 1986இல் இவை வண்ணத்துப்பூச்சிகளே என்று வாதிட்டார். பிற்கால மரபணு ஆய்வுகள் அவர் பக்கம் நின்றன. கூட்டுப்புழுவைப் பட்டு நூலால் இடுப்பில் கட்டிவைக்கும் வழக்கம் அவற்றிடமும் உண்டு. பகலுக்கு வந்த கிளையிலிருந்து மீண்டும் இரவுக்குத் திரும்பியவை இவை.

புழுப்பருவத்தில் இரு கூட்டத்தாரையும் பிரிக்கப் பொதுவிதி எதுவுமில்லை. மார்பில் மூன்று இணை உண்மைக் கால்கள், வயிற்றில் நுண்கொக்கிகள் உள்ள பொய்க்கால்கள் என்ற அமைப்பு இருவருக்கும் பொது. ஜியோமெட்ரிடே புழுக்களுக்குப் பொய்க்கால்கள் பின்கோடியில் மட்டுமே இருப்பதால் நடுவுடலை வளைத்து அளந்து அளந்து நகரும். ஆமணக்கின் காவடிப்புழு வேறொரு குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் அதே வளைவால்தான் தமிழில் பெயர் பெற்றது. ஒரே அரளிச் செடியில் இரண்டு புழுக்களை அடுத்தடுத்துக் காண முடியும். ஒன்று வால்நுனியில் கொம்பும் முன்னுடலில் நீலக் கண்புள்ளியும் உடைய பச்சைப் புழு. அது சருகுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகிப் பருந்து அந்தாக வெளிவரும். மற்றொன்று உடலில் நான்கு இணைக் கரிய இழைகள் நீண்ட வரிப்புழு; அது இலையின் அடியில் வெள்ளி பூசியதுபோல் மின்னும் கூட்டுப்புழுவாகத் தொங்கி, காமன் குரோ என்ற கரும்பழுப்பு வண்ணத்துப்பூச்சியாகும்.

இந்திய அந்துகளை முதன்முதலில் விரிவாக விவரித்த ஜார்ஜ் ஹாம்ப்சன், நீலகிரிக்குத் தேயிலை பயிரிட வந்து அங்கே இப்பூச்சிகளில் ஈடுபாடு கொண்டவர். 1892 முதல் 1896 வரை நான்கு தொகுதிகளாக அவர் எழுதியவை இன்றும் ஆய்வாளர்கள் கையில் புழங்குகின்றன. ஆனால் தமிழ்ப் பெயர்கள் விஷயத்தில் வண்ணத்துப்பூச்சிகளே முந்திக்கொண்டன. 2019இல் தமிழ் மறவன் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்டது. அழகி, வரியன், நீலன், வெள்ளையன் என்று முதிர்ந்த பூச்சியின் தோற்றத்தைப் பார்த்துப் பெயர்கள் சூட்டப்பட்டுவிட்டன. அந்துகளுக்குப் பெயர் வைத்தவர்கள் விவசாயிகள். அவர்கள் பார்த்தது சிறகை அல்ல, சேதத்தை. குருத்துப்புழு, காய்ப்புழு, இலைச்சுருட்டுப்புழு, படைப்புழு என்று எல்லாமே புழுவின் பெயர்கள். அந்தப் புழு சிறகு முளைத்து இரவில் விளக்குப்பொறிக்கு வரும்போது அதற்கெனத் தனிப்பெயர் இல்லை. வேளாண் அலுவலர்களின் துண்டறிக்கையில் அது ‘தாய் அந்துப்பூச்சி’ என்று மட்டும் இருக்கும்.